கடமை முடித்த அமிர்தநாதன்

1966இல் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த அன்று பிள்ளைப்பாக்கத்து அமிர்தநாதனின் கால்கள் தரையை விட்டு ஒரு முழம் எழும்பின, பிறகு இறங்கவேயில்லை. மகன் கல்யாணத்தன்று கூரை உயரத்துக்குப் போனான். பிள்ளைகளைக் கரையேற்றிய புண்ணியம் என்று ஊர் மெச்சியது. கிழித்தான்! சம்பந்தம் பேசியது, சேற்றில் நாற்று நட்டு நகை சேர்த்தது எல்லாம் அவன் பெண்சாதி லூர்து மேரி. அவள் கால் தரையிலேயேதான் இருந்தது, எழும்ப அவளுக்கு நேரம் ஏது? இவன் பந்தலில் வெற்றிலை போட்டதோடு சரி. ஆனாலும் மேலிருந்து வாய்க்குக் குறைச்சலில்லை. "கடைசிக் குட்டியையும் தள்ளி வுட்டா என் கடமை முடிஞ்சுது. மலை மலையா சுத்திக்கினு பூடுவேன், யாரும் தேடாதீங்க."

அந்தக் கடைசிக் குட்டி சகாயமேரி, நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். 1978இல் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் இருங்காட்டுக்கோட்டை மரியசூசைக்குப் பேசி முடித்தான். முதல் பெண்டாட்டியை அடித்தே கொன்றவன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. இவனுக்கென்ன, மலை பார்க்கவேண்டும்.

கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது வழக்கம்; யாரும் வாய் திறப்பதில்லை. முதல் ஓலைக்கு அமிர்தநாதன் பனை உயரம் போனான், இரண்டாவதுக்குக் கோபுர உயரம். மூன்றாவது ஞாயிறு துணிமூட்டையோடு வெளியே தயாராக மிதந்தான். உள்ளே சகாயமேரி எழுந்து நின்றாள்.

"தடை கீது சாமி. எனக்கு இஷ்டமில்ல."

பெண்ணுக்குச் சம்மதமில்லாமல் ஆகாது என்று சாமியார் ஓலையை மடித்துவிட்டார். வெளியே அமிர்தநாதன் கத்தினான்.

"பாவி! என் கதி இன்னாடி?"

அவள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"நீ ஊர் சுத்த நான் அடிவாங்கிச் சாவணுமா? எறங்கி வா, இல்லாட்டி அங்கயே கெட!"

துறட்டிக்கு எட்டும் உயரம்வரை சரிந்தான். அதற்குமேல் இறங்கவும் வரவில்லை, ஏறவும் வரவில்லை. ஆடிக்காற்று அவனைத் தள்ளிக்கொண்டுபோய் மெயின் ரோட்டுமேல் நிறுத்தியது. லூர்து மேரி துறட்டியில் தூக்குச்சட்டியை மாட்டி நீட்டுவாள். அந்த இடத்தில் பஸ் நிற்க ஆரம்பித்தது. கண்டக்டர்கள் "அமிர்தநாதன்லாம் எறங்கு" என்றார்கள்.

மில்லுக்குப் போக சகாயமேரியும் அங்கேதான் நிற்பாள். உச்சி வெயிலில் அவன் நிழல் சரியாக அவள் தலைமேல் விழும். பெற்ற பிள்ளைக்கு அந்த மனுஷன் நிழல் கொடுத்தது அப்போதுதான்.