டூனா காசரோலுக்கு நாலு பக்கப் படிவம்

கலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் பதினொரு வருடமாகச் சமைக்கிறாள். இன்றைக்கு, டூனா காசரோலுக்கு என்னென்ன போடுகிறாள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறார்கள், ஏதோ கள்ளியைப் பிடித்துவிட்டதுபோல.

கேட்பவள் கோசிகா, இல்லத்தின் மனேஜர். லண்டனில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளையும் குறை சொல்ல முடியாது. போன இரண்டு வியாழனும் காசரோல் சாப்பிட்ட, இல்லத்தில் தங்கியிருக்கும் மார்கரெட்டுக்கு உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. எண்பத்திரண்டு வயது. இன்னொரு தடவை வந்தால் மூச்சு அடைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரணம் தெரியும்வரை கலாவதி அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று மேலிடத்தில் பேச்சு அடிபடுகிறது.

இத்தனைக்கும் அந்தச் செய்முறையே மார்கரெட்டுடையது. போன மாதம் இல்லத்துக்கு வந்த புதிதில், தன் தாயின் கையெழுத்தில் இருந்த ஒரு பழுப்பேறிய அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். மொத்தம் நாலு வரி. ஒரு டின் டூனா, கொஞ்சம் மக்ரோனி, வெங்காயம், வெள்ளை சோஸ், மேலே சீஸ், மிதமான சூட்டில் பதம் வரும்வரை. அளவும் இல்லை, நேரமும் இல்லை. அந்தக் காலத்தில் அடுப்பில் நிற்கிறவளுக்கு மிச்சம் தெரியும் என்று நம்பி எழுதினார்கள். பிறகு பத்திரிகைக்காரர்கள் கப், கரண்டி என்று அளந்து போட்டார்கள். இப்போது கோசிகாவின் கையில் நாலு பக்கப் படிவம். கிராம், நிமிடம், சூடு, போதாததற்குச் சட்டம் சொல்லும் ஒவ்வாமைப் பொருள் பதினாலுக்கும் பதினாலு கட்டம். சமைக்கவே தெரியாதவர்களுக்கு எதற்கு இந்த இழவு என்று கலாவதி மனதுக்குள் கறுவினாள்.

"மா, பால், சீஸ், மீன். எல்லாம் சொல்லிட்டன் பிள்ளை. இன்னும் என்னத்தைச் சொல்ல?"

"அன்ரி, மார்கரெட்டுக்குக் கடுகு மட்டும்தான் அலர்ஜி எண்டு பேப்பரில இருக்கு. கடுகு ஏதும் போடுறீங்களா?"

"காசரோலுக்கு ஆரும் கடுகு போடுவினமே? அவவுக்குக் கடுகு ஆகாதெண்டு எனக்குத் தெரியாதே? கறிச் சட்டி அவவின்ர மேசைக்குப் போறதே இல்லை."

"சரி அன்ரி, கோவிக்காதேங்கோ. ஒருக்கா செய்து காட்டுங்கோ. நான் நிறுத்து நிறுத்து எழுதுறன்."

கலாவதி சட்டிகளைப் படார் படார் என்று இறக்கினாள். மக்ரோனியை நிறுத்தாள், மாவை நிறுத்தாள். பிறகு ஃப்ரிஜ்ஜைத் திறந்து, காலையில் வதக்கி வைத்த வெங்காய டப்பாவை எடுத்துத் தராசில் வைத்தாள். கறியானாலும் காசரோலானாலும் அதிலிருந்துதான் இரண்டு அகப்பை அள்ளிப் போடுவாள்.

"இது வேண்டாம் அன்ரி. வெங்காயத்தையும் முதல்ல இருந்து செய்யுங்கோ."

"வெங்காயம் வதக்கிறதுக்கும் படிவமோ? கடவுளே!"

அடுப்பை மூட்டி எண்ணெய் விட்டாள். எண்ணெய் காய்ந்ததும் கை தன்பாட்டில் மேல்தட்டுப் போத்தலுக்குப் போனது. ஒரு சிட்டிகை விழுந்து படபடவென்று வெடித்தது. வெங்காயத்தை அள்ளப் போனவள், கோசிகா எழுதாமல் நிற்பதைப் பார்த்தாள்.

"அன்ரி, அது என்ன?"

கலாவதி சட்டிக்குள் பார்த்தாள். அடுப்பை நிறுத்தினாள். பதினொரு வருடமாகத் தினமும் செய்கிற காரியம், ஒரு தடவையாவது கண்ணில் பட்டதில்லை. தன்மீதே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"நானே போய்ச் சொல்லுறன்," என்றாள்.

மார்கரெட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னைப் போட்டு வதைக்கிறார்களாம். அவள் சமையலில் ஒரு பிழையும் இருக்காது, எல்லாம் என் கிழட்டு உடம்பின் குற்றம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்," என்றார்.

கலாவதி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். கடுகு. வெங்காயத்தில். நான்தான்.

மார்கரெட் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.