இருபத்தொன்பதாம் வயது

"என் இருபத்தொன்பதாம் வயச திருப்பிக் குடுங்க சார்" என்றாள் மாரிக்கனி.

வயதைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று அணியில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். லீவு கேட்கலாம், வலிக்கு ஊசி கேட்கலாம். வயதை மட்டும் கேட்கக் கூடாது. அவளுடைய அப்பாவும் அதைச் சொல்லித்தான் விமானம் ஏற்றினார். "சோறு போடுறவங்ககிட்ட கணக்கு கேக்காத தாயி."

அனந்தநாராயணன் சார் கண்ணாடியைத் துடைத்தார். மில்பரோ எருதுகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் செலவு மேலாளர் அவர். அணி ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று லீக் வரம்பு கட்டியிருந்தது. எல்லோரையும் அதற்குள் அமுக்குவது அவர் வேலை. அமுக்கி அமுக்கி அவருக்கே கழுத்து குறைந்திருந்தது.

மாரிக்கனி கோவில்பட்டியில் பி.காம் முடித்தவள். அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கேம்பஸ் இண்டர்வியூவில் எருதுகள் அவளைத் தடுப்பு ஆட்டத்துக்கு எடுத்தார்கள். இந்தக் கால்பந்தைக் கையால்தான் எறிவார்கள். எறிகிற டெரன்ஸுக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். வலக்கையால் எறிகிறவருக்கு இடப்பக்கம் பார்வையில் படாது. அங்கிருந்து அவர் மேல் பாய்கிற எதிரணிக்காரனை அவள் நெஞ்சில் வாங்கிக்கொள்வாள். ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. இனி எந்த அணிக்கும் போகலாம்.

டெரன்ஸும் அறையில்தான் இருந்தார். சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பேசிய சம்பளம் எந்த ஒரு வருடத்தின் வரம்பிலும் கொள்ளவில்லை. அதனால் அவர் ஆடப்போகாத வருடங்களிலும் பரப்பி எழுதினார்கள். லீக் அதை அனுமதித்தது. இந்தத் தடவை அந்த வெற்று வருடங்களும் தீர்ந்துபோயின. மற்றவர்களுடைய வயதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மாரிக்கனியின் இருபத்தொன்பது அப்படித்தான் டெரன்ஸ் கணக்குக்குப் போனது.

"உன் இருபத்தொன்பது சும்மாத்தானேம்மா கெடந்துச்சு" என்றார் சார்.

"நான் இன்னும் அங்க போகவே இல்லையே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். ஆளில்லாத வருஷம்."

சுவரோரம் அணியை விட்டுப் போனவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் போனாலும் பேசிய தொகை வரம்பில் நிற்கும். அதற்காக அவர்களையும் வைத்திருந்தார்கள். மாரிக்கனி ஒரு நாற்காலியை இழுத்தாள். அதில் ஒரு கிழவர் இருந்தார்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன் பாப்பா" என்றார் அவர். "வேற சேர் பாரு."

அவள் நின்றுகொண்டே பேசினாள்.

"கிக்கர் ஹாரிஸுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தோம்ல சார்."

பந்தை உதைக்கிற ஹாரிஸ் தன் முப்பத்திரண்டாம் வயதைக் கொடுத்தவன். முப்பத்தொன்று முடிந்து மறுநாள் விழித்தபோது அவனுக்கு முப்பத்துமூன்று. நடுவில் அவன் மகள் நடக்கப் பழகியிருந்தாள். அம்மா செத்திருந்தாள். அணி இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேக் வாங்கியது. ஹாரிஸ் அதை வெட்டினான். எதற்கு வெட்டுகிறான் என்று கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை.

"அப்பிடி என்ன இருக்கு அந்த இருபத்தொன்பதுல?" என்றார் சார். "கல்யாணமா?"

"தம்பி படிப்பு அதுக்கு முந்துன வருஷம் முடியுது. வீட்டுக் கடனும் முடியுது. எனக்குன்னு வர்ற மொத வருஷம் சார் அது."

"என்ன செய்வ அத வச்சு?"

"தெரியல. சும்மா இருப்பேன். ஒங்களுக்கு என்ன?"

சார் வருத்தப்பட்டார். வருத்தப்படும்போது அவர் குரல் துணிக்கடைக்காரர் குரல் ஆகிவிடும்.

"சரி, ஒனக்காக. இன்னைக்கே மறுபடி கையெழுத்து போடு. இருபத்தொன்பதத் தந்துடறேன். முப்பத்தஞ்ச மட்டும் விட்டுக் குடு."

"போடலேன்னா?"

"தாராளமா போ. ஃப்ரீ ஏஜெண்ட். ஆனா வருஷம் இங்கதான் இருக்கும்."

மேஜையில் ஃபோன் அடித்தது. வேறொரு அணி. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"தடுக்கற பொண்ணு இருக்காளா?" என்றது குரல். "எத்தன வயசு மிச்சம் வெச்சிருக்கா?"

மாரிக்கனியே ஃபோனை வைத்தாள்.

டெரன்ஸ் எறிவதை நிறுத்தினார். "தங்கச்சி, ஒன் வருஷத்த நான் பத்திரமா வச்சிருக்கேன். தெறந்துகூடப் பாக்கல."

"தெறந்து பாத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்ணே."

"நன்றி கெட்ட பேச்சு" என்றார் சார். "பட்டிக்காட்டுலேர்ந்து கூட்டியாந்து..."

"கோவில்பட்டி முனிசிபாலிட்டி சார். தோள்ல தழும்பு பாக்கீங்களா? எல்லாம் அண்ணனுக்கு விழ வேண்டியது."

அவர் பார்க்கவில்லை. பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. இனி இங்கே இல்லை என்று லிஃப்ட் ஏறும்போதே முடிவு பண்ணியாகிவிட்டது. கேட்காமல் போனாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்குத்தான் வந்தது.

"அப்ப இருபத்தெட்டு முடிஞ்ச மறுநாள் ஒனக்கு முப்பது" என்றார் சார்.

"ஆகட்டும்" என்று வெளியே வந்தாள்.

காரிடார் காலையில் இருந்ததைவிட நீளமாகியிருந்தது. அதன் மறுகோடியிலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் ஹெல்மெட்டோடு ஓடிவந்தான். பீரோ அளவு இருந்தான். அவளைக் கண்டதும் முட்டி நின்ற பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான்.

"டெரன்ஸ் உள்ளயா இருக்காரு?"

"ஆமா" என்றாள். "இடப்பக்கமாப் போங்க."

சுவரோடு ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டுவிட்டு நடந்தாள்.