ஏழாவது சுவிட்ச்

விடிவதற்கு முன்பே சாத்தாங்காட்டுப் பட்டறையில் நீல வெளிச்சம் வெட்டத் தொடங்கியது. இருபது அடி நீள எஃகுத் தொட்டிக்குள் மண்டியிட்டு அசோகன் ஆர்கான் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். அதன் அடித்தட்டில் முதுகை நிமிர்த்த இடமில்லை. வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்கக் கை கிடையாது.

வெளியே செங்கொடி சுவிட்ச் பலகைக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாள். வியாசர்பாடிக்காரி. எலெக்ட்ரீஷியன் வேலைக்கு அந்தப் பட்டறையில் சேர்ந்த முதல் பெண்.

அந்தத் தொட்டி செவ்வாய்க் கிரகத்துக்கானது. அது அங்கே போகப்போவதில்லை. ஆறு மனிதர்கள் அங்கே குடியிருந்தால் எவ்வளவு மின்சாரம் வேண்டும், அதை எப்படிச் சேமிப்பது என்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் போட்ட திட்டத்தின் சோதனை வீடு. கூரையில் சூரியத் தகடு, அடியில் பேட்டரி. அங்கே புழுதிப் புயல் கிளம்பினால் வாரக்கணக்கில் வெயில் மங்கிவிடுமாம். அப்போது எதை எந்த வரிசையில் அணைப்பது என்று அந்த நிறுவனத்தின் பொறியாளர் சௌமியா ஒரு தாள் கொடுத்திருந்தாள். முதலில் சலவை, அடுத்து அடுப்பு, பிறகு விளக்கு என்று போய், ஏழாவதாகக் காற்று. ஏழாவதை எந்த நிலையிலும் அணைக்கக் கூடாது. செங்கொடி அதற்குச் சிவப்பு ஒயர் போட்டிருந்தாள்.

தொட்டிக்குள் ஆள் இறங்கினால் வெளியே ஒருவர் சுத்தியலோடு உட்கார வேண்டும். அது அந்தப் பட்டறையின் வழக்கம். வெளியிலிருந்து இரண்டு தட்டு, நலம் என்று உள்ளிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு. பதினோரு வருஷமாகப் பட்டம்மாள்தான் அந்தச் சுத்தியலைப் பிடிக்கிறாள்.

ஏழு மணிக்கு முதலாளி எத்திராஜ் வந்தார். பத்து மணிக்கு நிறுவனத்தார் பார்வையிட வருகிறார்கள். வெளிப்பக்கம் பளபளக்க வேண்டும் என்று சுத்தியலோடு உட்கார்ந்திருந்த பட்டம்மாளை எழுப்பிப் பெயிண்ட் அடிக்க அனுப்பினார். "நீ பக்கத்துலதான கீறே, அப்பப்ப காது குடு" என்று செங்கொடியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் சின்னது. வெல்டிங், பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரஸர், தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர், மூன்றையும் தாங்காது. எத்திராஜே குனிந்து ப்ளோயரின் பிளக்கைப் பிடுங்கினார். செங்கொடி கூடாது என்றாள். பத்தே நிமிஷம் என்றார் அவர்.

வெல்டிங்கில் வெளிவரும் ஆர்கான் வாயுவுக்கு மணம் கிடையாது. காற்றைவிடக் கனம். தொட்டியின் அடியில் தண்ணீர் போலத் தேங்கி, மூச்சுக்காற்றை வெளியே தள்ளிவிடும்.

செங்கொடி இரண்டு தட்டு தட்டினாள். டங், டங் என்று பதில் வந்தது. திருகாணியை முறுக்கிவிட்டு மறுபடி தட்டினாள். இந்த முறை பதில் இரண்டோடு நிற்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அது பக்கத்துப் பட்டறையில் காஜா மொய்தீன் தகடு நிமிர்த்தும் சத்தம். முதலில் கேட்டதும் அதுதான்.

கம்ப்ரஸரைப் பிடுங்கிவிட்டு ப்ளோயரைச் செருகினாள். உள்ளே பாயப் போன பட்டம்மாளை இழுத்து நிறுத்தினாள். போனால் இரண்டு பிணம். அசோகன் இடுப்பில் கயிறு இருந்தது. நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். வட்டத் திறப்பில் அவன் தலை வந்தபோது உதடு நாவற்பழமாகியிருந்தது. கூச்சல் கேட்டு ஓடிவந்த காஜா மொய்தீன் வாயோடு வாய் வைத்து ஊதினார். ஐந்தாவது ஊதலில் நெஞ்சு லேசாக ஏறியது, கண் திறக்கவில்லை. குட்டி யானை வண்டியில் போட்டு இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வண்டியின் புழுதி அடங்கவில்லை. எத்திராஜ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு அடி வெல்டிங் தையல்தான் பாக்கி. பொன்ராஜு, நீ எறங்கு."

இன்னொரு வெல்டரான காசிமேட்டுக்காரன் பொன்ராஜ் கையுறையைக் கழற்றித் தொட்டியின் மேல் வைத்தான்.

"கடல்ல முங்கி வலை அறுத்து எடுத்தவன் சார் நானு. மேல ஒருத்தன் கயிறு புடிச்சாத்தான் முங்குவேன்."

அப்போதுதான், நிறுவனத்தின் மற்றவர்களுக்கு முன்னதாகவே, சௌமியா உள்ளே வந்து நின்றாள். எத்திராஜ் சின்ன மயக்கம் என்று ஆரம்பித்தார். செங்கொடி சௌமியா கொடுத்த தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதுல காத்து எத்தினியாவது நம்பர் சார்?"

"இன்னாமா பேசறே. அது மனுசங்க குடியிருக்கப் போற எடம். இது பட்டறை."

"அங்க இன்னும் ஒருத்தரும் குடி வரல. அவங்க மூச்சுக்கு இப்பவே பிளான் போட்டாச்சு. உள்ள கெடந்தவனுக்கு மட்டும் பத்து நிமிசம் இல்லாங்காட்டி பரவால்லியா?"

 பிளக்கைப் பிடுங்கியது யார் என்று சௌமியா கேட்டாள். எல்லாரும் எத்திராஜைப் பார்த்தார்கள். நடந்ததை நிறுவனத்துக்கு அப்படியே எழுதுவேன், ஆனால் என் ஒருத்தி எழுத்தில் எதுவும் நிற்காது என்றாள் அவள். அது உண்மை என்று செங்கொடிக்குத் தெரியும்.

பட்டறை ஆட்கள் கேட்டது இரண்டே விஷயம். ஜெனரேட்டரில் ப்ளோயர் கடைசிவரை ஓட வேண்டும். வெளியே சுத்தியல் பிடிக்கும் ஆளை இடத்தை விட்டு எழுப்பக் கூடாது. அதுவரை யாரும் இறங்கமாட்டார்கள்.

"கேட்டை இழுத்துப் பூட்டிடுவேன்" என்றார் எத்திராஜ்.

"பூட்டு நைனா. பெயிண்ட் நல்லா காயட்டும்" என்றாள் பட்டம்மாள்.

எத்திராஜ் பக்கத்துப் பட்டறை முதலாளிக்குப் போன் போட்டு, உடனே ஒரு வெல்டரை அனுப்பச் சொன்னார். சுவருக்கு அப்பால் யாரோ யாரையோ அதட்டுவது கேட்டது. பிறகு, காஜா மொய்தீன் திரும்பிப் போய்த் தொடங்கியிருந்த தகடு நிமிர்த்தும் சத்தமும் நின்றுபோனது.

பட்டம்மாள் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து சுத்தியலைத் தேடினாள். செங்கொடிதான் எடுத்துக் கொடுத்தாள். "அக்கா, காலைல என் காது தப்பிடுச்சி" என்றாள். பட்டம்மாள் அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டுக் காலித் தொட்டியில் தட்டினாள். இரண்டு தட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தகவல் இல்லை. வெல்டரை எதிர்பார்த்து எத்திராஜ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

சுவருக்கு அப்பாலிருந்து டங், டங். செங்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். இரண்டோடு நின்றது; இந்த முறை பதில்தான். அதற்கும் அடுத்த பட்டறையிலிருந்து இன்னும் இரண்டு. அதைத் தாண்டி, லாரிகள் நிற்கும் தெருவின் கோடியிலிருந்து, இன்னும் இரண்டு.