பூஜையில் வைத்த ரிவால்வர்

கோபம் வந்தால் எனக்குக் காது சிவந்துவிடும் என்று என் தங்கை பானுமதி கேலி செய்வாள். இதை எழுதும்போதும் சிவந்துதான் இருக்கிறது. ஆறட்டும், பிறகு சொல்லலாம் என்று மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை.

என் பெயர் சோலையப்பன். சிவகங்கைப் பக்கம். 2007இல் அபுதாபிப் பக்கம் ருவைஸில் ஒரு வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தேன். ரிஃபைனரியிலிருந்து வருகிற வால்வையும் பம்பையும் பிரித்து மாட்டுவது எங்கள் தொழில். முதலாளி உள்ளூர் அரபிக்காரர். எல்லோரும் அர்பாப் என்போம். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் மேனேஜர் வெங்கட்ராமன், சென்னைக்காரர். அரபியில் புலி. அர்பாபும் அவரும் காவா என்கிற அரபிக் காப்பி குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அரபியில் சிரித்துப் பேசுவார்கள். எங்களிடம் வந்தால் மட்டும் சார் வாயில் தமிழே அளந்துதான் வரும்.

அந்த ஐப்பசியில் எனக்கு லீவு. பானுமதியின் மகள் பிருந்தாவுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். பானுமதிக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன் நான். எனக்கு லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தேதி தள்ளிப்போய், பிள்ளைக்கு மூன்று வயதாகிவிட்டது. இந்தத் தடவையும் அண்ணன் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை ஃபிளைட், வெள்ளிக்கிழமை காதுகுத்து. மாமன் சீருக்குத் தோடு வாங்கிப் பெட்டியில் வைத்தாகிவிட்டது.

நோன்புப் பெருநாளுக்கு முன்னால் அர்பாப் புது ரிவால்வர் ஒன்று வாங்கினார். லைசென்ஸ் அவர் பெயரில். டபுள் ஆக்‌ஷன் என்றார்கள். சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டாம். விசையை இழுத்தால் போதும், சுத்தியல் தானே எழும்பும், தானே விழும். ஒரே இழுப்பில் இரண்டு வேலை. ஆனால் அந்த இழுப்பு கனமாக இருந்தது. அர்பாபுக்குக் கார் விபத்தில் ஆள்காட்டி விரல் விறைத்துப்போயிருந்தது, பாதிக்கு மேல் மடங்காது. பிடியும் அவர் கைக்குப் பெரிது. இதைச் சரிசெய்ய முடியுமா என்று வெங்கட்ராமனைக் கேட்டிருக்கிறார்.

"நம்ம சோலை கையில குடுங்க அர்பாப், பூ மாதிரி ஆக்கிடுவான்" என்று சார் என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார்.

பொய் சொல்ல மாட்டேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மெஸ்ஸில் பரோட்டா மாவு ஓர் உருண்டை வாங்கிக்கொண்டு போய் அர்பாப் கையில் கொடுத்து, துப்பாக்கியைப் பிடிப்பது போலப் பிடிக்கச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அச்சைக் காய வைத்து, அவர் வீட்டு முற்றத்தில் பட்டுக் கிடந்த சித்ர் மரக்கிளையில் பிடி செதுக்கினேன். சித்ர் என்பது நம்ம இலந்தைதான். நல்ல வைரம் பாய்ந்த மரம். உள்ளே இரும்போடு இரும்பு உரசுகிற இடங்களை எண்ணெய்க் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கினேன். அந்த விறைத்த விரலுக்கு ஏற்ற மாதிரி பிடியில் ஒரு பள்ளம். அவர் ஒருத்தர் கைக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

அர்பாப் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலை நேரம் போக ரிவால்வர் ஆபீஸ் சேஃப்பில் இருக்க வேண்டும், சாவி வெங்கட்ராமனிடம் இருக்க வேண்டும். சொல்லிவிட்டு அவர் பருந்தை வைத்து வேட்டையாடக் கஸகஸ்தானுக்குப் போய்விட்டார். வெளிநாட்டுக்காரன் கையில் துப்பாக்கியைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வேலை முடிந்ததும் நான் ஓடிப்போய் சார் கையில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

ஃபிளைட்டுக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் வொர்க்‌ஷாப்பில் சத்தமில்லாமல் செய்வோம். லேத்துக்குப் பொட்டு, பொரி, கடலை, சுண்டல். என் டூல் பெட்டியின் மூடிமேல் துணி விரித்து ஸ்பேனர், அரம், சுத்தியலை அடுக்கி வைத்தேன். பெட்டியில் என் பெயரை நானே வெள்ளை பெயின்ட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். வெங்கட்ராமன் பட்டு வேஷ்டியில் மனைவி ஷியாமளாவோடு வந்தார். திருஷ்டிப் பூசணிக்காயில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, வாசலில் அவரே உடைத்தார். வாசலெல்லாம் சிவப்பு. அந்தக் கையோடு போய் சேஃப்பைத் திறந்து ரிவால்வரை எடுத்து வந்து என் அரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆயுத பூஜைக்கு இதைவிட ஆயுதம் உண்டா?" என்று சொல்லி, சந்தனத்தைத் தடவி அதன்மேல் குங்குமம் வைத்தார். ஷியாமளா மொபைலில் போட்டோ எடுத்தார்.

பூஜை முடிந்ததும் நான் சொன்னேன், "சார், அதை சேஃப்ல வச்சுப் பூட்டிருங்க."

"பூஜையில வச்சதை மறுநாள் வரைக்கும் எடுக்கக் கூடாதுப்பா. எந்த ஊர்க்காரன் நீ?"

"அது ஸ்பேனருக்குச் சொன்னது சார். இது துப்பாக்கி. பெட்டி எம் பேர்ல இருக்கு."

"ஆயுதங்களோட ஆயுதமா ராத்திரி உன் பெட்டியில இருக்கட்டும். காலம்பற நானே வந்து எடுத்துக்கறேன். ஒரு நாள்ல என்ன குடி முழுகிடப் போறது?"

என் பெட்டியைத் திறந்து, மற்ற சாமானோடு அதையும் உள்ளே வைத்து, என் பூட்டைப் போட்டுச் சாவியை என் கையிலேயே கொடுத்தார். சாமி பேரைச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். என் முட்டாள்தனம் அதோடு முடியவில்லை, இன்னும் இருக்கிறது.

மறுநாள் காலையில் குப்பை லாரி வந்து பூசணித் துண்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. வாசலில் சிவப்பு மட்டும் காய்ந்து கிடந்தது. அந்த வழியாக ரோந்து வந்த போலீஸ் வண்டி நின்றது. இறங்கிய ஆபீசர் இளவயசு, மரியாதையாகத்தான் கேட்டார். அந்த நேரம் பார்த்து வெங்கட்ராமனும் வந்து சேர்ந்தார். என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றார். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசர் வாசலைக் காட்டி என்னைக் கேட்டார், "தம்?"

அந்த வாசலில்தான் நாங்கள் சிகரெட் பிடிப்போம். அவர் விரல் நீட்டிய இடத்தில் நாலைந்து துண்டு கிடந்தது. நான் வந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் அர்பாபே 'சாப்டியா' என்று கேட்கப் பழகியிருந்தார். இவரும் எங்கேயோ தமிழ் கற்றிருக்கிறார், இங்கே தம் அடிக்கிறீர்களா என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொன்னால் வம்பு என்று பட்டது.

"அய்வா" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். என் நெஞ்சைத் தொட்டு, "தம். நான்தான்" என்றேன். அவர் முகம் மாறியது. ஃபைன் போடப் போகிறார் என்று பயந்து, உண்மையை முழுசாகச் சொல்லிவிடுவோம் என்று ஐந்து விரலைக் காட்டி, "டெய்லி. அஞ்சு" என்றேன்.

அரபியில் தம் என்றால் ரத்தம்.

எனக்குத் தெரியாது. ஃபிட்டருக்கு ரத்தத்தோடு என்ன வேலை? கிளம்பு என்கிற யல்லா தெரியும், முடிந்தது என்கிற கலாஸ் தெரியும், மாஃபி தெரியும். அதை வைத்தே ஒன்பது வருஷத்தை ஓட்டினேன். ஆனால் பக்கத்தில் நின்ற புலிக்குத் தெரியும். 'ஐயோ, இது குங்குமம், பூசணிக்காய்' என்று அரபியில் ஒரு வார்த்தை போதும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? மொபைலை எடுத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபீசர் உள்ளே வந்து என் டூல் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். மேலேயே ரிவால்வர். பிடியெல்லாம் சந்தனமும் குங்குமமும் குழைந்து காய்ந்து கறுஞ்சிவப்பாக இருந்தது. அவர் பெட்டியில் இருந்த பெயரைப் படித்தார், என் லேபர் கார்டைப் படித்தார். பிறகு வெங்கட்ராமனிடம் அரபியில் ஏதோ கேட்டார். சார் இரண்டு கையையும் விரித்தார். அந்தப் பதிலில் எனக்குப் புரிந்தது 'மாஃபி' மட்டும்தான். இல்லை, தெரியாது. அது போதுமே.

"சார், சொல்லுங்க சார்! நீங்கதான வச்சீங்க!" என்று கத்தினேன். விலங்கு மாட்டும்போதும் கத்தினேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. டபுள் ஆக்‌ஷன் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. வாயை மூடிக்கொண்ட ஒரே வேலையில் தான் தப்பித்தார், என்னை மாட்டிவிட்டார். அர்பாப் சொன்னதை மீறி சேஃப்பிலிருந்து வெளியே எடுத்தது தெரிந்தால் அவர் நாற்காலி போய்விடும். அது போகாமல் இருக்க நான் உள்ளே போக வேண்டும்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு லாகூர்க்காரர் ஒருவர் மொழிபெயர்க்க வந்தார். "தினமும் அஞ்சு ரத்தம் என்று எதற்காகச் சொன்னாய் பாய்?" என்று இந்தியில் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். குங்குமம், மஞ்சள், பூஜை, சிகரெட். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் எழுதிக்கொண்டார். சிவப்பை லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். துப்பாக்கியின் சொந்தக்காரர் வந்து சொல்ல வேண்டும், அவரோ வேட்டையில். பூஜையில் நின்ற பையன்கள் மேனேஜருக்குப் பயந்து வரவில்லை, அது எப்படி என் பெட்டிக்கு வந்தது என்பதற்கு என் வாயைத் தவிர சாட்சி இல்லை. போலீஸைக் குறை சொல்ல மாட்டேன். நானே அந்த ஆபீசராக இருந்தாலும் என்னைப் பிடித்துத்தான் போட்டிருப்பேன்.

திங்கட்கிழமை ஃபிளைட் போனது. வெள்ளிக்கிழமையும் போனது.

சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு ஷியாமளா வந்தார். பூஜையன்று சாயங்காலமே அபுதாபியில் அக்கா வீட்டுக்குப் போனவர் வெள்ளிக்கிழமைதான் திரும்பியிருக்கிறார். சோலை ஊருக்குப் போய்விட்டான் என்று புருஷன் சொல்லியிருக்கிறார். கேம்ப் சமையற்காரர் அம்மையப்பன் கறிவேப்பிலை கொடுக்கப் போன இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்தம்மா மொபைலை ஆபீசர் மேஜையில் வைத்தார். அதில் பட்டு வேஷ்டி, சிவந்த கை, ரிவால்வரில் பொட்டு வைக்கிற வெங்கட்ராமன். "இது என் ஹஸ்பண்ட். இந்தக் குங்குமம் எங்க வீட்டுது" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னைப் பார்த்து, "மன்னிச்சுடுங்கோ சோலையப்பன்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் இல்லையே என்றுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அன்றைக்கே அர்பாபும் வந்து லைசென்ஸைக் காட்டினார். லேபிலிருந்தும் சொல்லிவிட்டார்கள், ரத்தமில்லை, மஞ்சளில் செய்த குங்குமம் என்று. என்னை விட்டார்கள்.

கேம்ப்புக்கு வந்ததும் ஊருக்குப் போன் போட்டேன். பானுமதி அழுதுகொண்டே பேசினாள்.

"எங்கண்ணே போன? போனும் இல்ல, தகவலும் இல்ல. அவுக வீட்டுல ஒத்துக்கிறல. பெரியப்பா மகனைக் கூட்டியாந்து அவன் மடியில வச்சுக் குத்திட்டாக."

"பிள்ளை அழுதுச்சா?"

"அழுதுச்சு. பெறவு அவன்தான் தூக்கிட்டுத் திரிஞ்சான். பிள்ளைக்கு ஒன்னையத் தெரியாதுல்லண்ணே. அவனையத்தான் இப்ப மாமா மாமாங்குது."

போனை வைத்துவிட்டு நேராக வொர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

ஆபீசில் அர்பாப் புதுப் பிடியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்தும் ஓரத்தில் சிவப்பு போகவில்லை. வெங்கட்ராமன் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் வரவேற்க வருவது போல முன்னால் வந்து, "வாப்பா சோலை! ஏதோ மொழி புரியாத குழப்பம். எனக்கே அவன் பேசின அரபி சரியா விளங்கலை. கலாஸ், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

நான் அர்பாபைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அரபியையும் இந்தியையும் போட்டுப் பிசைந்து கேட்டேன், "அர்பாப், முதீருக்கு அரபி தெரியுமா?" முதீர் என்றால் மேனேஜர்.

"வெங்கட்டுக்கா? என் மகனைவிட நன்றாகப் பேசுவான்" என்று சிரித்தார்.

"அப்போ தம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்."

அர்பாபின் சிரிப்பு நின்றது. மெல்ல வெங்கட்ராமன் பக்கம் திரும்பினார். அரபியில் கேட்டது எனக்கும் புரிந்தது. நீ அங்கே நின்றாயா? அன்றைக்கு எனக்காகத் திறக்காத சார் வாய், இன்றைக்குத் தனக்காகவும் திறக்கவில்லை. அர்பாப் கையை நீட்டினார். சார் சேஃப் சாவியை எடுத்து அதில் வைத்தார்.

நான் பெட்டிக்குப் போய் என் அரங்களையும் எண்ணெய்க் கல்லையும் பையில் எடுத்துப் போட்டேன். பூட்டையும் சாவியையும் மூடிமேல் வைத்தேன். வெங்கட்ராமன் பின்னாலேயே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சோலை, இன்னிக்கே உனக்கு டிக்கெட் போடறேன். ஒரு மாசம் இருந்துட்டு வா. ஒரு ஃபங்ஷன் போனா என்னப்பா, இன்னொண்ணு வராமலா போயிடும்?"

"பிள்ளைக்கு ரெண்டு காதுதான் சார்" என்றேன்.