ஒரு வாய் மரவள்ளி

"கடைசியா எப்போ சாப்பிட்டே?"

மயக்க மருந்து டாக்டர் சும்மா வழக்கத்துக்குத்தான் கேட்டார். பதில் அவர் கையிலிருந்த தாளிலேயே இருந்தது: நேற்று ராத்திரி எட்டு மணி. அம்மா விலிமைனா அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆறு வயசு தித்திலியா முந்திக்கொண்டாள்.

"இப்பத்தான். மரவள்ளிக்கிழங்கு. தேங்காப்பால் ஊத்தி."

தள்ளுகட்டில் தியேட்டர் வாசலிலேயே நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தவள் நான்தான், குழந்தைகள் வார்டு சிஸ்டர்.

"யாருடி குடுத்தா?"

"அக்கானிசி அத்தை. மூஞ்சி கழுவப் போனேனா, வா சாப்பிடுன்னு கூப்பிட்டாங்க. ஒரு வாய்தான் சிஸ்டர். கூப்பிட்டா உக்காரணும்ல?"

உட்காரத்தான் வேண்டும். பிஜியில் பிறந்த பிள்ளைக்கு வேறென்ன சொல்லி வளர்க்கிறோம்? சாப்பிடுகிறவர் கண்ணில் பட்டவரைக் கூப்பிடாமல் விடமாட்டார். கூப்பிட்டபின் ஒரு வாயாவது தொடாமல் நகர்ந்தால் அவமரியாதை. 'எதுவும் கொடுக்கக் கூடாது' என்ற அட்டையை நான் கட்டிலில் மாட்டியிருந்தேன். கட்டில் நடக்கவில்லை, பிள்ளை நடந்துவிட்டாள்.

"ஆறு மணி நேரம்," என்றார் மயக்க மருந்து டாக்டர். "வயித்துல கிழங்கோட தூங்க வெச்சா, வாந்தி நுரையீரலுக்குள்ள போயிடும். ஒண்ணரைக்கு முன்னாடி தொடமாட்டேன்."

ஒன்றரைக்கு, அறுவை செய்யவேண்டிய மெல்போர்ன் டாக்டர் கான்வே விமான நிலையத்தில் இருப்பார். வருஷத்துக்கு ஒரு வாரம் வருகிறவர். இன்று கடைசி நாள்.

தித்திலியாவின் இடது சிறுநீரகத்திலிருந்து நீர் இறங்கும் வழி பிறவியிலேயே குறுகல். தேங்கித் தேங்கிச் சிறுநீரகம் பலூனாக உப்பியிருந்தது. இன்னொரு வருஷம் விட்டால் அது பிழைக்காது என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. முன்பென்றால் விலாவைக் கையகலத்துக்குத் திறப்பார்கள். இப்போது மூன்று சின்னத் துளை, ஒரு கேமரா. அதற்காகத்தான் கண்டாவுத் தீவிலிருந்து கப்பலேறி வந்திருந்தார்கள்.

நேராக வார்டுக்குப் போனேன். கால் உடைந்த மகனுக்குத் துணையாக இருந்த அக்கானிசி, பாயில் உட்கார்ந்து பானையை மூடிக்கொண்டிருந்தாள். அவள் ஊருக்கும் என் ஊருக்கும் மூதாதை தெய்வம் ஒன்று. அதனால் எங்கள் வழக்கப்படி எப்படி வேண்டுமானாலும் ஏசிக்கொள்ளலாம், கோபப்படத்தான் கூடாது.

"அடியே பானைத்தலைச்சி! கண்ணு முன்னால யாரு வந்தாலும் வாயில திணிப்பியா?"

"ஒங்கூர்ல கதவச் சாத்திக்கிட்டுத் தின்னுவீங்க, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது. "ஐயோ, அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கா? அட்டை எதுவும் கழுத்துல இல்லியே சிஸ்டர்..."



நான் திரும்பியபோது டாக்டர் லோசனாவும் கான்வேயும் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். லோசனா எங்கள் ஆஸ்பத்திரிக் குழந்தை அறுவை டாக்டர். இரண்டு வருஷம் மெல்போர்னில் கான்வேயிடமே படித்தவள்.

"டிக்கெட்ட மாத்திக்கறேன்," என்றார் கான்வே.

"வேணாம் சார். நாளைக்கு அங்க ஒரு பிள்ளை ஒங்களுக்காகப் பட்டினியா இருக்கும். நான் பண்றேன்."

"தனியாவா?"

"ஒங்ககூடப் பதினாலு பண்ணியிருக்கேன். கடைசி அஞ்சுல நீங்க என்ன பண்ணீங்க?"

"கையக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"அத ஏர்போர்ட்ல நின்னும் செய்யலாமே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கேமராவும் இப்போது எங்களுடையதுதான். போன மாதமே வாங்கியாயிற்று.

ஆனால் விலிமைனா சிரிக்கவில்லை. "பெரிய டாக்டர் பண்ணுவாருன்னு சொன்னதாலதான் வந்தோம்."

லோசனா அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நெசத்தச் சொல்றேன் அக்கா. தனியா இதான் மொதல் தடவ. துளை வழியா முடியலன்னா பழையபடி விலாவத் திறந்து முடிப்பேன், அது எனக்குத் தண்ணிபட்ட பாடு. வேணாம்னா அடுத்த வருஷம் அவர்கிட்டயே காட்டலாம். ஆனா நான் காத்திருக்கச் சொல்லமாட்டேன்."

"கை நடுங்குமா?"

"பசிச்சா நடுங்கும்."

விலிமைனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப மொதல்ல போய்ச் சாப்பிடுங்க."

என் பின்னாலேயே வந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கானிசி, அவளை வார்டுக்குக் கூட்டிப்போய் மூடிய பானையைத் திறந்துவிட்டாள். லோசனா பாயில் உட்கார்ந்து இரண்டு கிழங்கு தின்றாள். தித்திலியாவுக்குப் பன்னிரண்டரை வரை சர்க்கரைத் தண்ணீர் மட்டும். அந்தக் காலம் மாதிரி நாக்கு வறளப் போடுவதில்லை இப்போது. அட்டையை இந்தத் தடவை அவள் கழுத்திலேயே கட்டினேன்.

ஒன்றரைக்கு உள்ளே போனோம். வார்டு சிஸ்டருக்கு அங்கே வேலை இல்லை. லோசனாவிடம் கேட்டு மூலையில் நின்றேன். திரையில் சிறுநீரகம் இளஞ்சிவப்பாய்ப் பளபளத்தது. குறுகிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல முனை இரண்டையும் தலைமயிரைவிட மெல்லிய நூலால் சேர்க்கத் தொடங்கினாள். நாலாவது தையலில் நூல் சதையைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது.

 மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: "திறந்துடலாமா?"

"வேணாம். ஓரத்துல போட்டுட்டேன். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிப் போடணும்."

போட்டாள். பிடித்தது. பிறகு ஒவ்வொரு தையலும் பிடித்தது. உள்ளே மெல்லிய குழாயை வைத்து, தைக்க வசதியாகச் சிறுநீரகத்தின் பையைத் தூக்கிக் கட்டியிருந்த நூலை விடுவித்தாள். உப்பியிருந்த பை எல்லோர் கண்முன்னே சுருங்கி, நீர் கீழே இறங்கியது.

நாலரைக்கு வெளியே வந்து, முகமூடியை இறக்கிவிட்டு விலிமைனாவிடம் சொன்னாள்: "நீர் நல்லா இறங்குது அக்கா. மூணு துளைதான், திறக்கல. ஆறு வாரம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, உள்ள இருக்கற குழாய எடுத்துடலாம்."

விலிமைனா அவள் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விட நேரமாயிற்று.

கை கிடைத்ததும் லோசனா என்னிடம் திரும்பினாள். "சிஸ்டர், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு எழுதி வெச்ச நோட்டுல, இதே கோளாறு எத்தன பேருக்கு?"

"மூணு பேரு. மூத்தவன் டவேயுனித் தீவுப் பையன், ஒம்பது வயசு."

"அவங்க வீட்டுக்குப் போன் போடுங்க. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்க."

"மெல்போர்ன்காரங்க போயிட்டாங்களே, யாரு பண்ணப் போறான்னு கேப்பாங்க."

"எம் பேரச் சொல்லுங்க," என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனாள்.

சொன்னேன்.