அம்மா இல்லாத அலமாரி

புத்தகம் பொறுக்குவதில் இரண்டாம் வகுப்பு டீச்சர், வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்து வாங்குகிற மாமியாரைவிடக் கறார். பளபளக்கும் அட்டைக்கெல்லாம் மயங்க மாட்டாள். படத்தைக் கரும்பலகையில் சாத்தி வைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்ப்பாள். அங்கிருந்து தெரியாத படம் அவளுக்குப் படமே இல்லை. பாட்டுப் புத்தகமென்றால் ஆளில்லாத வகுப்பில் உரக்கப் படிப்பாள். நாக்கு இரண்டு இடத்தில் இடறினால் போச்சு, அந்தப் புத்தகம் வெளியே. லீவு நாளில் காலி பெஞ்சுகளைப் பார்த்துக் கரடி மாதிரி உறுமுகிறவளைக் கண்டு பள்ளிக்கூடத்துக் காவலாளி முதல் வருஷம் ஆடிப்போய்விட்டார். இப்போது அவருக்கும் பழகிவிட்டது.

இன்னொரு ஏற்பாடும் அவளுடையதுதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வகுப்பு அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்தின் பின் அட்டையிலும் ஏழு கட்டம் போட்ட சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வீட்டில் யார் படித்துக் காட்டினார்களோ அவர்கள் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை மாதிரிப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய வந்திருந்தன. வகுப்புக்கு வாங்க இருபது தேர்ந்தெடுத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஆனால் டீச்சருக்கு மனசு அதில் இல்லை. திங்கட்கிழமை சில்வண்டு வருகிறாள்.

வாய் ஓயாமல் பேசுவதால் டீச்சரே வைத்த பெயர் அது. மூன்று நாள் காய்ச்சலில் அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு பிள்ளை இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் கால் வைக்கப் போகிறாள். வந்ததும் நேராக அலமாரிக்குத்தான் ஓடுவாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு அம்மா சிரித்தால் அந்தக் குழந்தை என்ன ஆகும்?

அதனால் டீச்சர் புதிதாக ஒரு விதி போட்டுக்கொண்டாள். அம்மா வரும் புத்தகம் புதிதாகவும் வேண்டாம், அலமாரியிலும் வேண்டாம்.

சொல்வது சுலபம். எடுக்க எடுக்கத்தான் தெரிந்தது, உலகத்தில் அம்மா இல்லாத குழந்தைப் புத்தகமே கிடையாது என்று. யானைக்கு அம்மா, எறும்புக்கு அம்மா. மேகத்தைப் பற்றிய பாட்டென்று நம்பிப் புரட்டினால் மூன்றாம் பக்கத்தில் பெரிய மேகம் சின்ன மேகத்துக்குத் தலை வாரிவிடுகிறது. ரயில் புத்தகமாவது தேறும் என்று பார்த்தால் பாழாய்ப்போன எஞ்சின் பெட்டிகளைப் பார்த்து, "என் பின்னாலேயே வாங்க, செல்லங்களா!" என்கிறது. மாலைக்குள் அலமாரியில் பாதி காலி. எடுத்ததையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டி, பீரோவுக்கு மேலே ஏற்றினாள்.

எட்டிப் பார்த்த ஓவிய டீச்சர் அலமாரியிலும் பட்டியலிலும் மிஞ்சியதை ஒரு நோட்டம் விட்டாள். எண்கள், வடிவங்கள், காய்கறிகள், லாரி வகைகள்.

"ஏங்க, இது பிள்ளைங்களுக்கா, லாரி டிரைவருங்களுக்கா?"

டீச்சர் காரணத்தைச் சொன்னாள். ஓவிய டீச்சரின் கேலி அடங்கிவிட்டது. "அந்தப் பிள்ளைக்காகவா, உங்களுக்காகவா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. வகுப்புக்கு முன்னால் அம்மா என்ற வார்த்தையைப் படிக்கும்போது தன் குரல் உடைந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை.

திங்கட்கிழமை சில்வண்டு வந்தாள். தலை எண்ணெய் வழிய வாரியிருந்தது, வகிடு பாம்பு மாதிரி வளைந்திருந்தது. அப்பா வாரியதாக இருக்கும். நினைத்தபடியே அலமாரிக்குப் போனாள். ஒவ்வொரு புத்தகமாகத் தள்ளிப் பார்த்தாள். எதையும் எடுக்காமல் வந்து உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமை தரையில் மண்டிபோட்டு, அலமாரிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள்.

டீச்சரால் தாங்க முடியவில்லை. "என்னம்மா தேடற?"

"தவளைப் புத்தகம்."

"அது... கொஞ்சம் கிழிஞ்சு போச்சுடா. ஒட்டக் குடுத்திருக்கேன்."

பொய் வாயில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சில்வண்டு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பின்னாடி சீட்டும் கிழிஞ்சுடுச்சா டீச்சர்?"

டீச்சர் பீரோவை நிமிர்ந்து பார்த்தாள்.

மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். தவளைப் புத்தகத்தின் பின் அட்டையைத் திருப்பினாள். ஏழு கட்டத்தில் ஆறில் ஒரே கையெழுத்து, சில்வண்டின் அம்மாவுடையது. முதலாவது நிதானமாக, பேங்க்கில் போடுவது மாதிரி. மூன்றாவது பென்சிலில். நாலாவதுக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது, கண் மையால் இழுத்திருந்தாள். ஆறாவதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'மூணு தடவை படிக்க வெச்சுட்டா டீச்சர்! முடியல!'

டீச்சர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். கட்டம் போட்டுச் சீட்டு ஒட்டியவள் அவள். வாரா வாரம் கையெழுத்தைச் சரிபார்த்தவளும் அவள். புத்தகத்துக்குள் இருக்கும் அம்மாக்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவளுக்கு, பின் அட்டையில் இருந்த அம்மா கண்ணில் படவே இல்லை. தன்மேல் அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது.

மணி அடித்துப் பிள்ளைகள் வந்தபோது எல்லாப் புத்தகங்களும் பழைய இடத்தில் இருந்தன. தவளைப் புத்தகம் மட்டும் டீச்சர் கையில்.

"இது கிழியல. நான்தான் எடுத்து ஒளிச்சு வெச்சேன். பொய்யும் சொன்னேன். தப்பு என்னுது."

"ஏன் டீச்சர் ஒளிச்சீங்க?" என்றாள் சில்வண்டு.

"நீ பார்த்தா அழுவியோன்னு."

"அழுதா படிக்கக் கூடாதா?"

"படிக்கலாம்," என்றாள் டீச்சர். பிள்ளைகளுக்குப் படம் தெரிகிற மாதிரி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள்.

"குட்டித் தவளை குடைக்குள்ளே
கொட்டும் மழையோ வெளியிலே
எட்டிப் பார்த்து அம்மா கேட்டாள்..."

பயந்தது போலவே குரல் உடைந்துவிட்டது. அடுத்த வரி வரவில்லை. வகுப்பே அவளையே பார்த்தது.

சில்வண்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். "அந்த எடத்துல மூக்கைப் பிடிச்சுக்கணும் டீச்சர். எங்கம்மா அப்படித்தான் படிப்பாங்க." சொல்லிவிட்டுத் தானே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் இடம் உண்டா?" என்றாள்.

வகுப்பு சிரித்து உருண்டது. டீச்சரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பப் படித்தாள். சில்வண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழவும் ஆரம்பித்தாள். டீச்சர் அவளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, குரல் போன போக்கில் மிச்சத்தைப் படித்து முடித்தாள்.

முடிந்ததும் சில்வண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஆறு கையெழுத்தும் அப்படியே இருந்தது. கடைசிக் கட்டத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இதுல நீங்க போடக் கூடாது டீச்சர். வீட்டுல படிச்சாதான் போடணும்."

"ஆமா, அதுதான் விதி," என்றாள் டீச்சர்.

அன்று மாலை லாரி வகைகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, தலை வாரிவிடும் மேகத்தை முதலாவதாக எழுதினாள்.

வெள்ளிக்கிழமை தவளைப் புத்தகம் வீட்டுக்குப் போனது, திங்கட்கிழமை திரும்பி வந்தது. டீச்சர் முதல் வேலையாகப் பின் அட்டையைப் பார்த்தாள். அம்மாவின் ஆறு கையெழுத்துக்குக் கீழே, கட்டத்துக்குள் அடங்காத பெரிய கோணல் எழுத்தில், சில்வண்டு தன் பெயரை எழுதியிருந்தாள். ஓரத்தில் அவள் அப்பா எழுதியிருந்தார்: 'அவதான் எனக்குப் படிச்சுக் காட்டினா. தவளை பேசற எடத்துல மூக்கைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் மறுபடியும் முதல்லேருந்து படிச்சோம்.'

கட்டம் ஏழும் நிரம்பிவிட்டது. டீச்சர் பசையை எடுத்து, பழைய சீட்டின் ஓரம்கூட மறையாதபடி அளந்து பார்த்து, அதற்குக் கீழே புதுச் சீட்டு ஒன்றை ஒட்டினாள்.