கைதட்டல் இல்லாத ஞாயிறு

என் மனைவி நெலிதா மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு, ஒரு கட்டுச் சீட்டோடு வந்து சேர்ந்தாள். மொத்தம் பதினாலு. மனுஷனை ஆட்டிவைப்பது பதினாலு ஆசைகள்தானாம். அதில் எது தூக்கலோ அதுதான் அவன் குணமாம். புவனோஸ் ஐரிஸில், அதுவும் எங்கள் வில்லா கிரெஸ்போ பேட்டையில், ரொட்டிக் கடையைவிட மனநல டாக்டர் போர்டுதான் அதிகம். எங்கள் தெருவில் எந்த டாக்டரிடமும் போய்ப் படுத்துக்கொண்டு புலம்பாத ஒரே ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாப்பாட்டு மேஜையிலேயே சீட்டைப் பிரித்தாள். என் மச்சினன் ஒமாருக்கு 'சேர்த்துவைத்தல்'. சரிதான், காலித் தயிர் டப்பாவைக்கூட வீசமாட்டான். மகள் ரோமினாவுக்கு 'யாருக்கும் அடங்காமை'. இருபத்தாறு வயதில் ஐந்தாவது வேலை, அதுவும் சரி. எனக்கு ஒரு சீட்டைத் தள்ளினாள். 'பாராட்டு'.

"பாராட்டா? எனக்கா?"

"பின்ன? அந்தக் கைதட்டலுக்குத்தானே ஞாயித்துக்கிழமையானா அடுப்புகிட்ட போய் நிக்கிற."

சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக மொட்டை மாடியில் காலையிலேயே கரி மூட்டி, மாட்டு விலாவைத் தணலில் வாட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தபந்தம் பத்துப் பேர் கூடுவார்கள். இறைச்சி மேஜைக்கு வந்ததும் யாராவது "வாட்டினவருக்கு ஒரு கைதட்டு" என்பார்கள், எல்லோரும் தட்டுவார்கள். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதற்காகவா நான் புகையில் வேகிறேன்?

"பாசத்துல செய்யறேன் நெலிதா. வர்ற ஞாயிறு ஒருத்தரும் தட்டக் கூடாது. எனக்கு ஒண்ணும் ஆகாது, பாரு."

"ஆச்சுன்னா?"

"நீ சொல்ற டாக்டர்கிட்ட போறேன். ஆகலைன்னா இந்தச் சீட்டுக்கட்டு அடுப்புக்குள்ள போகும்."

"டாக்டர் சோபால படுக்கறப்ப ஓட்டை சாக்ஸ் போட்டுட்டுப் போயிடாதீங்க மச்சான்" என்றான் ஒமார்.

அந்த ஞாயிறு வாட்டியது போல ஒரு விலாவை நான் வாழ்க்கையில் வாட்டியதில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். சத்தமே இல்லை. ஒமார் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவி.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றாள் நெலிதா.

"ஓரம் கருகலையே?"

"இல்லை."

"அப்பா, உங்களுக்கு வேர்க்குது" என்றாள் ரோமினா.

"அடுப்பு வெக்கை."

"அது அணைஞ்சு அரைமணி ஆச்சுப்பா."

என்னால் உட்கார முடியவில்லை. ஒரு தட்டில் நல்ல துண்டாக நாலு எடுத்துக்கொண்டு மதில் பக்கம் போனேன். அடுத்த மாடியில் ஃபெர்மின் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் புகையைப் பற்றி எட்டு வருஷமாகப் புகார் எழுதுகிற ஆள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

"அவருக்கா?" என்றாள் நெலிதா பின்னாலிருந்து.

"மீந்துபோச்சு. வீணாக்கவா சொல்ற?"

ஃபெர்மின் சந்தேகமாக வாங்கினார். ஒரு துண்டை மென்றார். இன்னொன்று. தட்டை மதில்மேல் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்து, தன்னந்தனியாகத் தட்டினார். "வாட்டினவருக்கு ஒரு கைதட்டு, எல்வியோ ஐயா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. புகைமேல் பழிபோடலாம் என்றால் புகையும் இல்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை டாக்டரிடம் போனேன், ஓட்டையில்லாத சாக்ஸோடு. அந்த அம்மா வாயே திறக்கவில்லை. நான் கதை முழுவதையும் இரண்டு தடவை சொன்னேன். விலா நான், தணல் நான். உருளைக்கிழங்கு சாலட் நெலிதா, ரொட்டி நெலிதா, பத்துப் பேர் தட்டைக் கழுவுவது நெலிதா. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க மனைவிக்கு என்ன சீட்டு வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷக் குடித்தனம், கேட்கத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவள் ஏப்ரன் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். 'பாராட்டு'.

"அந்தச் சீட்டு ரெண்டு இருக்கா?"

"ஒண்ணுதான். உனக்குக் காட்டிட்டுத் திருப்பி எடுத்து வச்சுக்கிட்டேன்."

அடுத்த ஞாயிறு விலாவை மேஜையில் வைத்தேன். ஒமார் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன். "உருளைக்கிழங்கு சாலட் செஞ்சவங்களுக்கு ஒரு கைதட்டு."

இந்த நாட்டில் சாலட்டுக்கு எவனும் தட்டியதில்லை. ஒமார் சிரித்தான், நான் முறைத்ததும் தட்டினான். ரோமினா தட்டினாள். என்ன ஏதென்று தெரியாமல் மதிலுக்கு அப்பாலிருந்து ஃபெர்மினும் தட்டினார்.

நெலிதாவின் முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. "அட, சும்மா இருங்க, ஆறிப்போகுது" என்று உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிய்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"ஒமார் சரியா தட்டல. இன்னொரு தடவை சொல்லு."